மேஸ்திரியின் தண்ணீர்த் தட்டு

குடியாத்தம்,
1899 ஜனவரி 5

என் பிரிய நாயகருக்குப் பாக்கியவதி எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் நான் சுகமாய் வந்து சேர்ந்தேன். உங்கள் சுகத்தை உடனே எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஜோலார்பேட்டையில் பிளேக் டாக்டர் எங்கள் எல்லாரையும் ரயிலை விட்டு இறக்கி வரிசையாய் நிற்கவைத்தார். பெண்களுக்கு ஒரு நர்ஸ் வந்து அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள். பர்னபாஸ் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அண்ணி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தரமாக உங்களுக்குச் சோறு கட்டிக்கொடுக்காத காலை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இனி மேஸ்திரியைப் பற்றி. நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பிள்ளையில்லாதவள் ஆமையைக் கொஞ்சுகிறாள் என்று நம் லயன் வீட்டு வரிசையே சிரித்தாயிற்று, நீங்களும் சிரித்தால் குறைந்துபோக மாட்டேன். கல்யாணமான வருஷம் பாய்லருக்கு விறகு ஏற்றி வந்த வண்டியில் கட்டைகளுக்கு நடுவே கிடந்தவனைத் தலைப்பாகையில் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் போட்டது நீங்கள்தானே? "பகலெல்லாம் தனியா கெடக்கிற, துணைக்கு வச்சிக்கோ" என்றீர்கள். தங்கச் சுரங்கத்து வெள்ளைக்காரக் கேப்டன் வந்தால் தலையை இழுத்துக்கொண்டு, அவர் போனதும் நீட்டிக்கொண்டு அதட்டுகிற உங்கள் கிடங்கு மேஸ்திரியைப் போலவே இருக்கிறான் என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

காலையில் ஒரு பிடி முருங்கைக்கீரை போதும். கொல்லை முருங்கையிலேயே ஒடித்துக்கொள்ளலாம். பூசணித் தோல், வெள்ளரித் துண்டு எது கிடைத்தாலும் தின்பான். சப்பாத்திக்கள்ளிப் பழம் என்றால் உயிர். முள்ளைச் சாம்பலில் புரட்டித் தேய்த்துவிட்டுப் போடுங்கள். தின்றபின் வாயெல்லாம் ரத்தம் போலச் சிவந்திருக்கும், பயப்பட வேண்டாம். சோறும் மீனும் கறியும் ஆகாது. இவன் காட்டில் திரிகிற ஜாதி, ஏரி ஆமை இல்லை. தண்ணீரில் விட்டால் கல்லைப் போல அடியில் போய்விடுவான். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மண்தட்டு இருக்கிறது. அதில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது. அவ்வளவுதான் அவன் கேட்பது.

பத்து நாளில் அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்கள். நாள் எண்ணுகிறேன். வீட்டு இரண்டாம் சாவி என் முந்தானை முடிச்சிலேயே வந்துவிட்டது, தேட வேண்டாம். உறைமேல் உங்கள் பெயரை அண்ணன்தான் எழுதித் தருகிறார். புருஷன் பேரைச் சொல்லத்தான் கூடாது, எழுதினால் என்ன என்று அண்ணி கேலி செய்கிறாள். எனக்குக் கை வரவில்லை.

உங்கள் அன்புள்ள மனைவி,
பாக்கியவதி


மாரிக்குப்பம்,
1899 ஜனவரி 22

என் பிரியமுள்ள பாக்கியத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். பிளேக்குக்குப் பயந்து கூலியாட்கள் பாதிப்பேர் வேலூர்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். விறகு வண்டிகளைக் கணக்கெடுக்க ஆளில்லை, எல்லாம் என் தலையில். ஒரு ஷிப்டு முடிந்து நிமிர்வதற்குள் அடுத்த ஷிப்டு சங்கு ஊதிவிடுகிறது. டைம் கீப்பர் உத்தியோகம் என்று பெயர்தான், என்னுடைய நேரம் என்னிடம் இல்லை.

லயனில் நோய் குறைந்தபாடில்லை. நேற்று மூன்று பேரைப் பிளேக் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். வீடு வீடாகக் கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுகிறார்கள். இந்த நிலையில் உன்னை எப்படி அழைப்பேன்? வெளியூர் ஆட்களுக்குப் பாஸ் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வீட்டில் நிம்மதியாக இரு.

மேஸ்திரி சுகம். நீ சொன்னபடியே தீனி. என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, ஏதோ பொங்கிக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள,
கொர்னேலியஸ்


குடியாத்தம்,
1899 பிப்ரவரி 10

என் பிரிய நாயகருக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். நோய்க்கு எட்டு வரி, கிடங்குக்குப் பத்து வரி, மேஸ்திரிக்கு ஒரு வரி. "நீ சொன்னபடியே தீனி" என்றால் நான் எதைத் தெரிந்துகொள்வது? கீரையை எந்த வேளையில் போடுகிறீர்கள்? நான் இல்லாததால் சாயங்காலம் வந்து கதவைத் தலையால் முட்டுகிறானா? போன வருஷம் உலக்கை விழுந்து பின்பக்கத்து ஓடு கொஞ்சம் பெயர்ந்ததே, அது ஆறிவிட்டதா? இதையெல்லாம் எழுதினால் நான் அங்கே இருக்கிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சம்பங்கியை ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் சாமி வேறே, நம் சாமி வேறே என்றாலும் மேஸ்திரி விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மதம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதவேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு நாற்பது நாள் ஆகப்போகிறது. அண்ணி நல்லவள், வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. உலைக்கு அரிசி அளக்கும்போது மட்டும் என்னை ஒரு தரம் பார்க்கிறாள். கோயிலில், "இன்னும் ஊருக்குப் போகலியா?" என்று விசாரிக்கிறார்கள். பிளேக் என்கிறேன். என்னைப் போல அங்கிருந்து வந்த மற்றப் பெண்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஈஸ்டருக்காவது நம் வீட்டில் இருக்க வேண்டும். வரச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் அன்புள்ள மனைவி,
பாக்கியவதி


மாரிக்குப்பம்,
1899 மார்ச் 3

பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

ஒரு வரி எழுதினேன் என்று குறைப்பட்டாய், இந்தத் தரம் நிறையவே எழுதுகிறேன். மேஸ்திரி நாளுக்கு நாள் கொழுத்துவருகிறான். காலையில் ஷிப்டிலிருந்து வந்ததும் முதல் வேலை அவனுக்குத் தீனி, அப்புறம்தான் எனக்குக் கஞ்சி. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பாவம், தவித்துப்போகிறானே என்று பெரிய தொட்டியில் கழுத்தளவு தண்ணீர் நிரப்பி மத்தியானத்தில் இறக்கிவிடுகிறேன். என்ன சந்தோஷம் என்கிறாய்! பேத்தமங்களா ஏரியில் பிறந்தவனைப் போல நாலு காலையும் அடித்து நீந்துகிறான். சந்தையில் பொடிமீன் கிடைத்தால் வாங்கிவந்து தொட்டியில் போடுகிறேன், ஒன்று விடாமல் பிடித்துவிடுகிறான். உலக்கை பட்ட இடம் நன்றாய் ஆறிவிட்டது.

ஈஸ்டருக்கு வருவது முடியாத காரியம். பாஸ் கிடையவே கிடையாது. கேப்டனிடமே கேட்டுப் பார்த்தேன், கையை விரித்துவிட்டார். நீ அங்கே பத்திரமாய் இருக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் இங்கே உயிரோடு நடமாடுகிறேன்.

உன் அன்புள்ள,
கொர்னேலியஸ்


குடியாத்தம்,
1899 மார்ச் 21

நாயகருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மேஸ்திரி செத்திருந்தால் செத்தான் என்று எழுதுங்கள். வேலி தாண்டி ஓடியிருந்தால் ஓடினான் என்று எழுதுங்கள். அவனைப் பார்க்க உங்களுக்குப் பொழுதே இல்லை, வீட்டுப் பக்கமே போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இதை வேதத்தின்மேல் கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு வேண்டியது உண்மை ஒன்றுதான், மற்றதையெல்லாம் பேசிக்கொள்ளலாம்.

மேஸ்திரி எப்படி இருக்கிறான்?

பாக்கியவதி


மாரிக்குப்பம்,
1899 ஏப்ரல் 6

பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

உனக்கு உடம்பு சரியில்லை என்று படித்ததும் என் மனது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கஷாயம் வைத்துக் குடி. தனியாக இருப்பதால் கண்டதையும் நினைத்துக்கொள்கிறாய். மேஸ்திரி சாவதா? நம் இரண்டு பேரையும் அடக்கம் பண்ணிவிட்டுத்தான் அவன் போவான்.

ஈஸ்டர் அன்று நடந்ததைச் சொல்கிறேன் கேள். கோயிலிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், வாசற்படியில் காத்திருக்கிறான். என் செருப்புச் சத்தம் அவனுக்கு இப்போது நன்றாய்த் தெரிகிறது. உட்கார்ந்து கீரையை ஒவ்வொரு கொத்தாகக் கையில் வைத்து நீட்டினேன். என் விரலைக் கடிக்காமல் கீரையை மட்டும் பதமாய் இழுத்துத் தின்றான். "டேய், அம்மா எப்போ வருவா தெரியுமா?" என்றேன். தலையை நீட்டி என்னையே பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ வளர்த்ததை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்.

நோய் இன்னும் விட்டபாடில்லை. அவசரப்படாதே.

உன் அன்புள்ள,
கொர்னேலியஸ்


குடியாத்தம்,
1899 ஏப்ரல் 18

நாயகருக்கு,

கடிதம் படித்தேன். நன்றாய் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாம் தரம் கேட்கிறேன். இரவில் மேஸ்திரி ஆட்டுக்கல்லுக்குக் கீழேதான் படுக்கிறானா? தட்டில் தண்ணீர் மாற்றுகிறீர்களா? பழைய தண்ணீரின்மேலேயே ஊற்றாமல், தட்டைக் கையில் தூக்கிக் கவிழ்த்துக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும். அப்படிச் செய்கிறீர்களா? நீங்கள் ராத்தங்குவது நம் வீட்டில்தானே?

இந்த மூன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

பாக்கியவதி


மாரிக்குப்பம்,
1899 மே 12

பாக்கியத்துக்கு,

இது என்ன, கச்சேரியில் வக்கீல் சாட்சியை மடக்குவது போல? ஆம், ஆட்டுக்கல்லுக்குக் கீழேதான் படுக்கிறான். ஆம், தினந்தோறும் தட்டைத் தூக்கிக் கழுவித்தான் தண்ணீர் வைக்கிறேன். ஆம், என் வீட்டில்தான் ராத்தங்குகிறேன், வேறே எங்கே போவேன்? திருப்திதானே?

நாலு மாதமாய் ஒண்டியாய்ப் பொங்கித் தின்று, மரத்தூளும் புகையும் குடித்து, நோய்க்கு நடுவில் உழைக்கிறேன். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கடைசி இரண்டு கடிதத்தில் ஒரு வார்த்தை கேட்டாயா? ஆமை, ஆமை, ஆமை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று என் தாயார் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். நாம் கிறிஸ்தவர்கள், நமக்கென்ன சகுனம் என்று நான்தான் உனக்குப் பரிந்துபேசினேன். பதினோரு வருஷமாய் வீட்டில் ஒரு தொட்டில் ஆடவில்லை. அதை நான் வாய்விட்டுச் சொன்னேனா?

இந்தக் கோடை இந்த ஜீவனுக்கு ஆகவில்லை. முன்போலத் தின்பதில்லை. ஏதாவது ஆனால் என்மேல் பழி போடாதே, இப்போதே சொல்லிவிட்டேன்.

மழைக்காலம் கழியட்டும். வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

கொர்னேலியஸ்


குடியாத்தம்,
1899 மே 27

நாயகருக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன்.

மூன்றாம் தரம் கேட்கிறேன், இதற்குமேல் கேட்க மாட்டேன். மேஸ்திரி எப்படி இருக்கிறான்?

பாக்கியவதி


மாரிக்குப்பம்,
1899 ஜூன் 17

பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

நீ தைரியத்தை விடக்கூடாது. போன செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி போய்விட்டான். முந்தின நாளே கீரையைத் தொடவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், உள்ளே இறங்கவில்லை. விடியும்போது கண்ணை மூடிவிட்டான். நம் கொல்லை முருங்கை மரத்தடியில் முழங்கை ஆழம் தோண்டி, நீ விட்டுப்போன பழைய ரவிக்கையில் சுற்றி அடக்கம் செய்தேன். அடையாளத்துக்கு ஒரு வெள்ளைக்கல் நட்டிருக்கிறேன். கிடங்குக்கு அரை நாள் போகவில்லை.

நான் செய்யக்கூடியது அத்தனையும் செய்தேன் என்று தேவனுக்குத் தெரியும். அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இனி நீ அவசரமாய் இங்கே வந்து பார்க்க என்ன இருக்கிறது? அண்ணன் வீட்டிலேயே இன்னும் சில காலம் மனதைத் தேற்றிக்கொண்டிரு. இந்த வெறும் வீட்டில் நுழைந்தால் உனக்குத் துக்கம்தான் அதிகமாகும். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

உன் அன்புள்ள,
கொர்னேலியஸ்


குடியாத்தம்,
1899 ஜூன் 24

கொர்னேலியஸ் அவர்களுக்கு,

உறைமேல் இருக்கும் பெயரும் என் கையெழுத்துத்தான். பதினோரு வருஷமாய் வாயாலும் சொல்லவில்லை, கையாலும் எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், எல்லாப் பெயரையும் போல எழுத வருகிறது.

மேஸ்திரி செத்த கடிதத்தை நேற்று மத்தியானம் படித்தேன். அண்ணன் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்தேன். மேஸ்திரி என் காலடியில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்ட இடத்தை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை, வெள்ளரிக்காய் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

மார்ச் பதின்மூன்றாம் தேதியிலிருந்து அவன் என்னிடம்தான் இருக்கிறான்.

தொட்டியில் நீந்துகிறான் என்று நீர் எழுதினீரே, அதை நான் நம்பினேன். அங்கேதான் நான் முட்டாள். இந்த மனுஷன் பாசத்தில் அவனை மூழ்கடித்துக் கொன்றுவிடுவாரே, இதற்குள் செத்திருப்பானோ என்று பதறினேன். பாஸ் கிடையவே கிடையாது என்று எழுதியிருந்தீர். அண்ணன் போய்க் கேட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். உமது அளவுக்கு மிஞ்சின அன்பிலிருந்து ஒரு ஆமையைக் காப்பாற்றத்தான் நான் ரயில் ஏறினேன்.

வீட்டுப் பூட்டில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. என் முந்தானைச் சாவியால் திறந்தேன். அடுப்பில் நான் ஊருக்குப் புறப்பட்ட அன்றைச் சாம்பல். தொட்டியில் தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை, பல்லி ஒன்று செத்துக் கிடந்தது. மண்தட்டு காய்ந்து வெடித்திருந்தது. மேஸ்திரி ஆட்டுக்கல்லுக்கு அடியில் இருந்தான். கையில் எடுத்தால் வெறும் ஓட்டை எடுத்த மாதிரி இருந்தது. சத்தம் கேட்டுச் சம்பங்கி வந்தாள். "இன்னாக்கா இப்படிக் கேக்குற, அவரு இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசமாவுது. அது வாயத் தொறந்துகினு கெடந்துச்சி, நாந்தான் வேலி சந்துல கீரயத் தள்ளிகினு இருந்தேன். எனக்கு எழுதத் தெரிஞ்சா அன்னிக்கே உனக்கு எழுதியிருப்பேன்" என்றாள். எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவள் சொல்ல மாட்டேன் என்று அழுதாள். அப்புறம் சொன்னாள்.

கோரமண்டல் சுரங்கத்து லயனுக்கு நடந்தே போனேன். அவள் சொன்ன ரத்தினம்மாவின் வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, உமது செருப்பு வாசலில் கிடந்தது. கதவு திறந்திருந்தது. பட்டப்பகலில் நீர் பலகைமேல் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தீர். ரசத்தில் குழைத்து, மைய மசித்து, ஊதி ஊதி, அது வாயைத் திறக்கிறவரைக்கும் காத்திருந்து ஊட்டினீர். துப்பினதை விரலால் வழித்து மறுபடியும் ஊட்டினீர். எவ்வளவு பொறுமை உமக்கு! தெருவில் விறகு வண்டி ஒன்று நின்றிருந்தது, அதன் மறைவில் நின்று பார்த்தேன். கிண்ணம் காலியாகிறவரைக்கும் பார்த்தேன். நீர் தலை நிமிரவே இல்லை.

உமக்குத் தீனி போடத் தெரியாது, ஆண்பிள்ளைக்கு அந்த நினைப்பு வராது என்றுதான் பதினோரு வருஷமாய் நினைத்திருந்தேன். நன்றாய்த் தெரிகிறது. என் வீட்டில்தான் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு எட்டு மாசம் இருக்கும். பிளேக் நம் லயனுக்கு வந்தது டிசம்பரில். பிள்ளை அதற்கு முன்பே வந்துவிட்டது. என்னை ஊருக்கு அனுப்ப நோய் வந்தது உமக்கு எவ்வளவு சௌகரியம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, எரிந்தது. ஆனாலும் அங்கே கத்தவில்லை, திரும்பி வந்தேன். மேஸ்திரியைக் கூடையில் வைத்து, என் பழைய ரவிக்கையைத்தான் மேலே போட்டு மூடினேன். நீர் அவனைச் சுற்றிப் புதைத்ததாக எழுதிய அதே ரவிக்கை. முருங்கை மரத்தடி என்றீரே, எந்த முருங்கை? லயனில் காற்று வர வேண்டும் என்று பிளேக்காரர்கள் அதைப் பிப்ரவரியிலேயே வெட்டிவிட்டார்கள். உமக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜோலார்பேட்டையில் டாக்டர் கூடையைத் திறந்து, இதற்கு அக்குள் எங்கே என்று கேட்டுச் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்கப்புறம்தான் உம்மிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் மறுதலித்தீர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி வேண்டாமா? ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஈஸ்டர் கடிதம் எழுதினீரே, கீரையைக் கொத்துக் கொத்தாய்க் கையில் நீட்டினேன் என்று. அதைப் படித்துவிட்டு, பொய் என்று தெரிந்தும், கட்டிலுக்கு அடியில் குனிந்து மேஸ்திரியை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு அழகாய் இருந்தது. உமக்கு அப்படி இருக்கத் தெரியாமல் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உமது தாயார் சொன்ன பழமொழியை எடுத்துக் காட்டினீர். நம் வீடு ஆமை புகுந்து கெடவில்லை. வீட்டுக்காரர் புகாமல் கெட்டது.

அந்தப் பிள்ளையை நான் சபிக்க மாட்டேன். அதற்கு வேளாவேளைக்கு ஊட்டும். ரத்தினம்மாவிடமாவது உள்ளதைச் சொல்லும். மேஸ்திரிக்கு இங்கே கீரைக்குக் குறைவில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு இடம் ஆகியிருக்கிறது. அண்ணி இப்போது உலைக்கு அரிசி அளக்கும்போது என்னைப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வருமுன், மண்தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதற்கடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வந்தேன். நீர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, ஒரே ஒருநாள் அந்தத் தட்டைத் தூக்கியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தினந்தோறும் தூக்கிக் கழுவுகிறேன் என்று எழுதினீர். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கோரமண்டலில் பார்த்தேன். மேஸ்திரி என்னிடம் பத்திரம். நீங்கள் வந்து கூப்பிட்டால் வருவேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கூப்பிட்டாலும் வருவேன்."

மூன்று மாதம் காத்திருந்தேன். தபால்காரன் ஒவ்வொரு தரம் வரும்போதும், இன்றைக்குத் தட்டைத் தூக்கியிருப்பார் என்று நினைத்தேன்.

இப்போது போய் எடுக்க வேண்டாம். கரையான் தின்றிருக்கும். தின்னாவிட்டாலும் அதை எழுதிய மனசு எனக்கு இப்போது இல்லை. சாவியை இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

பர்னபாஸின் தங்கை,
பாக்கியவதி